முட்டைகளுக்குப் போட்ட நிழல்

ஆமையில் ஆண் எது, பெண் எது என்று தெரிய வேண்டுமானால் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆணுக்கு வால் தடியாக, நீளமாக இருக்கும். பெண்ணுக்குப் பேருக்கு ஒரு வால். இதைச் சொன்னால் என் கிளினிக்குக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் கால்நடை டாக்டர். வருஷம் முழுக்க நாய், பூனை, மாடு. கோடையில் மட்டும் அக்காவின் ஆமைகள். அதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாக உண்டு.

அக்காவுக்கு ஆராய்ச்சி என்றால் ஆமை, ஆமை என்றால் உயிர். உடனே கடலாமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கடல்நீர் ஏறி இறங்குகிற உப்புச் சதுப்பில், புல்லுக்கு நடுவே ஓடுகிற சேற்று ஓடைகளில் வாழ்கிற ஆமை. கைக்கு அடக்கமாக இருக்கும். "கடலாமைன்னா படம் பிடிக்க நூறு பேர் வருவான். இதுக்கு நானும் கொசுவும்தான்" என்பாள் அக்கா. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓடையில் போட்ட வலையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்ததாம். இப்போது நான் ஒரு கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு மறுகையால் தூக்கிவிடுகிறேன்.

ஏன் குறைந்தது என்று கேட்டால் அக்கா ஒரு மணிநேரம் பேசுவாள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். சதுப்பில் முட்டை வைக்க மேடு கிடையாது. இருந்த ஒரே மணல்மேட்டின் மீதுதான் புண்ணியவான்கள் சாலையைப் போட்டார்கள். முட்டை வைக்க வேண்டுமென்றால் பெண் ஆமை அந்தச் சாலையோரத்துக்கு ஏறியே ஆக வேண்டும். ஏறினால் லாரி. ஆண் ஆமைக்கு அந்தத் தலைவலியே இல்லை. துரை தண்ணீரில் இறங்கினால் சாகிறவரை கரைப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். ஆக, சாலையில் நசுங்கிக் கிடப்பதெல்லாம் பெண்கள்தான். அதுவும் வயிறு நிறைய முட்டையோடு. அவற்றைச் சுரண்டி எடுக்கிற வேலை எனக்கு. வயிற்றைக் கிழித்து முட்டை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் அந்த வேலைக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது.

பிழைத்த முட்டைகளையும், சாலையோரக் குழிகளில் கிடைக்கிற முட்டைகளையும் எடுத்து வந்து, அக்காவின் ஆய்வு நிலையத்தின் பின்புறம் கம்பிவேலி போட்ட மணல்திட்டில் புதைத்து வைப்போம். நரி தோண்டாது, லாரி ஏறாது. குஞ்சு பொரித்ததும் ஓட்டின் ஓரத்தில் அரத்தால் சின்னதாக ஓர் அடையாள வெட்டுப் போட்டு ஓடையில் விடுவோம். காகிதங்களில் அதற்குப் பெயர் பொரிப்பகம். எங்களுக்கு அது 'வார்டு'. பெயர் வைத்தவர் அத்தான்.

அத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர். தார்ப்பாய்க் கடை வைத்திருந்தார். லாரிக்கு மூடுதுணி, கடைவாசலில் வெயிலுக்கு நீட்டுகிற கூரைத்துணி, படகுக்கு உறை, எல்லாம் தைப்பார். கடைக்குள் நுழைந்தால் மெழுகும் ரப்பரும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். தரை முழுவதும் துணி விரிந்து கிடக்கும். வாடிக்கையாளர் சுவரோரமாகத்தான் நடக்க வேண்டும். பெண் பார்க்க வந்தபோது அக்கா கறாராகக் கேட்டிருக்கிறாள்: "நான் ஆமை பின்னாடி ராத்திரி பகல் பாக்காம போவேன். பரவாயில்லையா?" அத்தான் யோசிக்கவே இல்லை. "ஆமைதானே, மெதுவாத்தான் போகும். எப்படியும் அதுக்கு முன்னாடி நீங்க வீட்டுக்கு வந்துடுவீங்க." அக்கா சிரித்துவிட்டாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வார்டு தொடங்கிய முதல் வருஷமே வெயில் கொளுத்தித் தள்ளியது. நாள் தாண்டியும் குஞ்சு வரவில்லை என்று குழிகளைத் தோண்டினோம். முட்டையெல்லாம் அவிந்துபோயிருந்தது. ஒன்றிரண்டைத் தவிர அத்தனையும். அக்கா அந்த மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு பச்சை நிழல்வலைச் சுருளோடு வார்டுக்கு வந்தார். ஓரம் மடித்துத் தைத்து, சாண் இடைவெளியில் பித்தளை வளையம் அடித்து, கயிறு கோத்து, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். கீழே நின்று பார்த்தால் வானமே தெரியாது, ஜிலுஜிலுவென்றிருக்கும்.

அடுத்த வருஷம் அத்தனையும் பொரித்தது. அப்படி ஒரு பொரிப்பை நாங்கள் பார்த்ததே இல்லை. வாளி வாளியாகக் குஞ்சுகள். அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றிலிருந்து வருஷாவருஷம் கோடைக்கு முன் வந்து, வெயிலில் வெளுத்துப்போன வலைக்கு மேல் புது வலை ஒன்றைக் கட்டிவிடுவார். பழையதைக் கழற்ற மாட்டார். "கிடக்கட்டும், அதுவும் கொஞ்சம் தாங்கும்" என்பார். அப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறோம்? குஞ்சுகள்தான் துள்ளிக்கொண்டு வெளியே வருகின்றனவே.

போன வருஷக் கடைசியில் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தது. கடையில் துணியை இழுத்துப் பிடித்திருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், "பளு தூக்கக் கூடாது. மனசுக்கு அதிர்ச்சியா எதுவும் சொல்லாதீங்க. சந்தோஷமா வச்சுக்குங்க." எல்லா நோயாளியின் வீட்டாருக்கும் சொல்கிற வசனம்தான். நானே கிழட்டு நாய்களின் சொந்தக்காரர்களிடம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறேன். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கடை அத்தானின் தம்பி கைக்குப் போயிற்று. அத்தானுக்கு மிச்சமிருந்தது வார்டு மட்டும்தான். சாயங்காலமானால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வலைக்கடியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே என்ன தெரியும்? மணல்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கோடையில் ஓடைகளில் ஆமை பிடிக்க வலை போட்டபோது எங்களுக்கு ஜாக்பாட் அடித்தது. ஓடை வளைவில் போட்ட முதல் வலையிலேயே ஏழெட்டு ஆமை. சேற்றைக் கழுவினால் ஓட்டின் ஓரத்தில் அரம் போட்ட வெட்டு. வார்டில் பிறந்து, ஓடையில் விட்ட குஞ்சுகள் வளர்ந்து திரும்பிக் கிடைத்திருக்கின்றன! அக்கா சேற்றில் நின்றபடியே அத்தானுக்குப் போன் போட்டாள். "நம்ம வார்டு பசங்கங்க! ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமா வந்திருக்கு!"

"அப்படியா! எல்லாம் நல்லா சாப்பிடுதா? உடம்பு பூசினாப்ல இருக்கா?" என்று அங்கிருந்து அத்தான் கத்தியது எனக்கே கேட்டது.

நான் வரிசையாக வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண். ஆண். அடுத்ததும் ஆண். சரி, ஒரு வலையில் அப்படி அமைவதுதான். இரண்டாவது ஓடையிலும் ஆண். வெட்டு இல்லாத ஆமைகளில் கிழட்டுப் பெண்கள் ஒன்றிரண்டு கிடைத்தன. வெட்டு உள்ளவற்றில் பெண் என்று ஒன்றுகூட இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் எடைத்தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதுங்க இருக்கே, அதுங்களுக்கு வால் பாத்தா தெரியாதுல்ல" என்றாள்.

"தெரியாது. உள்ள பாத்தா தெரியும்."

நிலையத்தில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒழுகுகிற குழாய். சின்ன ஆமைகளை ஒவ்வொன்றாக மயக்கத்தில் படுக்கவைத்து, பின்னங்காலுக்கு முன்னால் அரிசி நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு, மெல்லிய கேமராவை உள்ளே விட்டேன். திரையில் மஞ்சளாக, வழவழவென்று ஒரு சிறு உருண்டை தெரிந்தது. விதை. ஆண். தையல் போட்டு, அடுத்ததை எடுத்தேன். கடைசி ஆமைவரை அதே மஞ்சள் உருண்டைதான். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடாமல் பார்த்தாள். முடிந்ததும் வெளியே போய்விட்டாள்.

இந்த ஆமைகளுக்குத் தாய் வயிற்றில் ஆண், பெண் தீர்மானமாவதில்லை. மணல்தான் தீர்மானிக்கிறது. மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ந்திருந்தால் ஆண். அடைகாலத்தின் நடு வாரங்களில் உள்ள சூடுதான் கணக்கு. அதற்கு முன்னாலோ பின்னாலோ எப்படி இருந்தாலும் மாறாது. இது அக்காவுக்குத் தெரியாத விஷயமா? அவள் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிற பாடம். அதற்காகத்தானே வார்டில் வெப்பமானி புதைத்திருந்தாள்! அது வருஷம் தவறாமல் நல்ல சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா இன்னொரு வெப்பமானியைக் கொண்டுபோய் நடுவில் புதைத்தாள். வெயில் சாய்கிற நேரத்தில் எடுத்துப் பார்த்தால் மூலையில் உள்ளதைவிட நாலு டிகிரி குறைவு. விஷயம் இதுதான்: முட்டைகளுக்கு நடுவே காலடி படக்கூடாது என்று பொத்திப் பொத்திப் பாதுகாத்ததில், வெப்பமானியைக் கேட்டை ஒட்டிய மூலையில் புதைத்திருந்தோம். அந்த மூலையில் சாயங்கால வெயில் வலைக்கடியில் புகுந்து அடிக்கும். முட்டைகள் கிடந்த இடத்தில் வெயிலே இல்லை. அத்தான் ஏற்றி ஏற்றிக் கட்டிய அடுக்குகளுக்குக் கீழே அவை சுகமாகக் குளிர்ந்துகொண்டு, ஒன்று விடாமல் ஆணாகியிருக்கின்றன. சாலையில் பெண்கள் செத்துக்கொண்டே இருக்க, நாங்கள் பார்த்துப் பார்த்து ஆண்களாகப் பெருக்கியிருக்கிறோம். ஈடுகட்ட ஒரு பெண்ணைக்கூட நாங்கள் அந்தச் சதுப்புக்குக் கொடுக்கவில்லை.

நிலையத்துச் சமையலறையில் அக்கா டீயைக் கொதிக்கவிட்டு, அது பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் அணைத்தேன்.

"நாளைக்கே வலையை எடுத்தாகணும் அக்கா. இந்த வருஷ முட்டைக்கு நடு வாரம் இப்பத்தான் ஆரம்பிக்குது. இப்ப எடுத்தா இந்த வருஷம் தப்பிச்சுடும்."

"எடுக்கலாம். வெயிலும் இந்த வருஷம் அவ்வளவு மோசமில்ல. மூடாமலே பொரிக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவர்கிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்."

"எதை?"

"ஏன் எடுத்தோம்னு."

"அக்கா!"

"காத்துல கிழிஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம்! "கிழிஞ்சுதா? அவர் தச்சதா? லாரி கவுந்தாலும் அவர் தச்ச தார்ப்பாய் கிழியாது. அந்த மனுஷன் நம்புவாரா?"

"நம்புவார்" என்றாள் அக்கா. "நான் சொன்னா நம்புவார்."

"அதுக்காகப் பொய் சொல்லலாமா? தப்பு அவரோடது மட்டுமா? வெப்பமானியை ஓரத்துல வச்சது யாரு?"

"நான்தான்! இல்லைன்னேனா? எல்லார்கிட்டயும் சொல்றேன், எழுதறேன், ஊரைக் கூட்டிச் சொல்றேன். அவர்கிட்ட மட்டும் என்னால முடியாது." அடுப்பில் வழிந்த டீயை அழுத்தித் துடைத்தாள். "நெஞ்சு வலிச்சு ஸ்ட்ரெச்சர்ல போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'கோடைக்குள்ள எழுந்துடுவேன், வலை கட்டணும்'னாரு. அவர்கிட்டப் போயி, நீங்க கட்டின வலைதாங்க அத்தனையும் கெடுத்துச்சுன்னு நான் சொல்லணுமா? சொல்லி, அந்த நெஞ்சு நின்னு போச்சுன்னா?"

நான் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். வாய் இல்லாதவளா நான்? மாட்டுக்காரர்கள் என் வாய்க்குப் பயந்து பக்கத்து ஊர் டாக்டரிடம் போகிறார்கள். அன்றைக்கென்று பார்த்து அடங்கிவிட்டேன்.

விடிந்ததும் இருவரும் வார்டுக்குப் போனோம். கிழிந்தது போலத் தெரிய வேண்டுமே என்று நான் கத்தியோடு ஸ்டூலில் ஏறினேன். அத்தானின் தையல் அறுபடுவேனா என்றது. ரெட்டைத் தையல், மெழுகு நூல். என் சத்திர சிகிச்சைக் கத்தி மழுங்கிப்போய், கடைசியில் சமையலறைக் கத்தியை வைத்து அறுத்தேன். அடுக்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வெயில் மணலில் விழுந்தது. அக்கா குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெப்பமானியை முட்டைகளுக்கு நடுவே மாற்றிப் புதைத்தாள்.

வீட்டில் அத்தான் கட்டிலில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னாள். நான் தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முட்டைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லங்க. வலைதான் போச்சு."

"எந்தப் பக்கம் கிழிஞ்சுது?"

இதை நாங்கள் யோசிக்கவில்லை. அக்கா திருதிருவென விழித்தாள். "கடல் பக்கம்."

"கடல் பக்கமா? அங்கதானே ரெட்டைத் தையல் போட்டேன்." தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வளையத்துகிட்டப் பிஞ்சுதா, தையல்லயே விட்டுடுச்சா?"

"தையல்ல."

"அப்போ கை தளர்ந்துடுச்சு" என்றார் அத்தான். "போன வருஷம் தைக்கும்போதே உடம்பு சரியில்லாம இருந்திருக்கு போல. எனக்குத் தெரியல."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதிர்ச்சி கூடாது என்றுதானே பொய் சொன்னோம்? அந்தப் பொய் அவருடைய தொழிலிலேயே கையை வைத்துவிட்டது. அக்காவின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன், இப்போதாவது சொல் என்று. அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் புதுசா தச்சுத் தரேன்" என்று எழுந்தார்.

"வேண்டாங்க, படுங்க. ஆபீஸ்லயே ரெடிமேட் வலை அனுப்பறாங்களாம். ரெண்டு நாள்ல வந்துடும்."

"ரெடிமேடா?" என்றார் அத்தான். செய்தித்தாளை எடுத்து விரித்தார். பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அந்த வாரமே நாங்கள் முகத்துவாரத்தின் அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. வேறொரு குழுவோடு சேர்ந்து அங்கிருக்கிற ஓடைகளில் கணக்கெடுக்கிற வேலை; முன்பே ஒப்புக்கொண்டது, தள்ளிப்போட வழியில்லை. அத்தானின் தம்பி வீட்டில் வந்து இருப்பதாகச் சொன்னார். வார்டுக்கு வழக்கமான காவல்கார அம்மா இருந்தார். நாங்கள் சில வாரம் அங்கே தகரக் கொட்டகையில் தங்கினோம். பகலெல்லாம் முழங்கால் சேறு. அங்கேயும் வலையில் ஒன்றும் பெரிதாக விழவில்லை. நண்டுக் கூண்டுகளில் சிக்கி மூச்சு முட்டிச் செத்த ஆமைகள்தான் கிடைத்தன.

சாயங்காலமானால் அத்தான் போன் செய்வார். முதல் கேள்வியே, "வலை வந்துச்சா?"

"நாளைக்கு வந்துடுங்க" என்பாள் அக்கா.

"வெயில் ஏறுதும்மா. முட்டை அவிஞ்சுடும். அந்த வருஷம் மாதிரி ஆயிடும்."

"ஆகாதுங்க. நான் பாத்துக்கறேன். நீங்க மாத்திரை போட்டீங்களா?"

இரண்டு மூன்று நாள் இப்படியே கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டாயா, கொசு கடிக்கிறதா என்று விசாரித்துவிட்டு உற்சாகமாகவே போனை வைத்தார். எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. "மறந்துட்டாரு பாரு" என்றாள் அக்கா. அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். இந்த வருஷக் குஞ்சுகளில் பாதியாவது பெண்ணாக இருக்கும், அவை வளர்ந்து முட்டை வைக்க ஏறி வருவதற்குள் சாலையில் வேலி போட வைத்துவிட வேண்டும் என்று ஏதேதோ திட்டம் போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அக்கா சிரித்துப் பேசிக் கேட்டேன்.

வேலை முடிந்து திரும்பிய அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வார்டுக்குப் போனோம். கேட்டில் காவல்கார அம்மா வாயெல்லாம் பல்லாக நின்றார். "போங்கம்மா, போயி பாருங்க. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு."

வேலியைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வார்டின் மேல் புத்தம்புதுப் பச்சை. பழைய வலையைப் போல இல்லை. கெட்டித் துணி, ரெண்டு அடுக்காகச் சேர்த்துத் தைத்தது. விரல்கடை இடைவெளியில் பித்தளை வளையங்கள் பளபளத்தன. நாலு மூலையிலும் இரும்புக் குழாய் நட்டிருந்தது. வெயிலடித்த அந்தக் கேட்டு மூலையையும் விட்டுவைக்கவில்லை, தொங்கல் வைத்து மூடியிருந்தார். கீழே நாற்காலியில் அத்தான். இளைத்திருந்தார், கறுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எப்படி? ஆபீஸ் வலையை நம்பினா ஆகுமா? நீங்க படகு ஏறின அன்னிக்கே கடைக்குப் போயிட்டேன். தம்பி துணியைப் பிடிச்சான், தச்சது நான். கட்டறதுக்கு மட்டும் ரெண்டு ஆள் வச்சேன், பளு தூக்கல, பயப்படாதே. இந்தா, தையலைத் தொட்டுப் பாரு. கை தளரல. புயலே அடிக்கட்டும், இனிமே கிழியாது!"

படகு ஏறிய அன்றைக்கே. அவர் போனில் கேட்பதை நிறுத்தியது வலையைக் கட்டி முடித்த அன்றைக்கு. நடு வாரங்கள் அத்தனையும் இந்த நிழலுக்கடியில் போயிருக்கின்றன.

அக்கா தையலைத் தொடவில்லை. மணலில் மண்டியிட்டு முட்டைகளுக்கு நடுவே கையை மணிக்கட்டுவரை புதைத்தாள். எடுக்கவே இல்லை. அழுகிறாள் என்பது முதுகு குலுங்கியபோதுதான் தெரிந்தது.

"என்னம்மா? என்ன ஆச்சு? அவிஞ்சுடுச்சா? ஜில்லுன்னுதானே இருக்கு?" என்று அத்தான் பதறினார்.

"ஜில்லுன்னுதாங்க இருக்கு" என்றாள் அக்கா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அங்கேயே, மணலில் உட்கார்ந்தபடி, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்காமல். வால், கேமரா, மூலையில் இருந்த வெப்பமானி, நாலு டிகிரி, ஆண்கள். நான் என் பையைத் துழாவி, அவர் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் குறுக்கே பேசாமல் கேட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார், உட்காரவில்லை.

"அப்போ, காத்து அடிக்கல."

"இல்லங்க."

"தையல் விடல."

"இல்ல. நாங்கதான் அறுத்தோம்."

என் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியும்."

"தெரியும் அத்தான்" என்றேன்.

"இப்ப அவுத்தா ஆகாதா?"

அக்கா தலையை அசைத்தாள். "முடிஞ்சு போச்சுங்க. இனிமே மாறாது."

அத்தான் வலையை அண்ணாந்து பார்த்தார். வரிசையாக வளையங்கள், ஒன்றுபோல் ஒன்று. அந்தக் கைகளால் எத்தனை நாள் உட்கார்ந்து அடித்தாரோ. "இத்தனை வருஷம் கெடுத்தேன்னா, தெரியாம கெடுத்தேன்" என்றார். "அழுதிருப்பேன். ரெண்டு நாள் சோறு இறங்கியிருக்காது. மூணாம் நாள் நானே ஸ்டூல் போட்டு ஏறி அவுத்திருப்பேன். இந்த வருஷத்துக் குஞ்சு பிழைச்சிருக்கும். இதைத் தெரிஞ்சே கெடுத்துட்டீங்களேம்மா."

நான் ஓர் அடி முன்னால் வைத்து மாத்திரையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அதை உள்ள வை. எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார். "அன்னிக்குச் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."